இன்னொரு டெஸ்ட் ஓடிட்டிருக்கு

— கதவைச் சாத்திட்டியா?

— சாத்தியாச்சு அண்ணி. உக்காருங்க. அந்த மெஷின் மேல மட்டும் கைய வைக்காதீங்க.

— சுகர் பாக்கத்தானே ரத்தம் எடுத்தே? இப்ப லேபுக்குள்ளயே கூப்பிட்டு... மூஞ்சிய ஏன் அப்படி வச்சிருக்கே?

— என் மூஞ்சியே இப்படித்தான். உங்க கல்யாண ஆல்பத்துலயும் இப்படித்தான் நிப்பேன்.

— விளையாடாதடி. நிறைமாசம் எனக்கு...

— சுகரோட சேத்து ஹெபடைடிஸ் பி-க்கும் டாக்டர் எழுதியிருந்தாங்க. அந்த மஞ்சக்காமாலைக் கிருமி. அதுல... பாசிட்டிவ்.

— ம்.

— கிருமி உள்ள இருக்கு, அவ்ளோதான் இப்போதைக்கு. எவ்ளோ சுலபமா அடுத்தவங்களுக்குத் தொத்தும்னு பாக்க இன்னொரு டெஸ்ட். அதான் ஓடிட்டிருக்கு.

— அடுத்தவங்கன்னா... புள்ளைக்கா?

— பிரசவத்தப்போ தொத்தலாம். பொறந்த உடனே ரெண்டு ஊசி போட்டா பெரும்பாலும் தடுத்துடலாம். ஆனா பிரசவம் பாக்கறவங்களுக்கு முன்னாடியே தெரிஞ்சிருக்கணும்.

— அவங்களுக்குத் தெரிஞ்சா உங்க அண்ணனுக்கும் தெரிஞ்சிடும்.

— தெரியட்டுமே... இருங்க. நீங்க ஏன் அதிர்ச்சியாகவே இல்ல? முன்னாடியே தெரியுமா?

— காலேஜ்ல ரத்தம் குடுக்கப் போனப்போ தனியா கூப்பிட்டுச் சொன்னாங்க. வெளிய தெரிஞ்சா எவன் கட்டுவான்னு எங்கம்மா வாயைக் கட்டிட்டாங்க.

— டாக்டர் கேட்டப்போ?

— இல்லைன்னுட்டேன்.

— அண்ணி...

— தனி டம்ளர் வச்சிடுவாரோ, படுக்கைய மாத்திடுவாரோன்னு தினம் பயந்து சாகறேன். என் நகவெட்டியக்கூட ஒளிச்சுத்தான் வைப்பேன்.

— டம்ளர்ல எல்லாம் ஒட்டாது.

— எதுல ஒட்டும்னு எனக்குத் தெரியாதா? அவருக்கு நான் குடுத்திருந்தா...

— மெஷின் நின்னுடுச்சு.

— பாக்காத. பாக்காதடி... இரு.

— பாத்துட்டேன். இதுவும் பாசிட்டிவ். வேகமா தொத்தற நிலைமை. நான் இப்பவே டாக்டர்கிட்ட சொல்லப் போறேன்.

— சொல்லு. புள்ளைக்காக சொல்லு. உங்க அண்ணனுக்கு மட்டும் வேணாம். உன் கால்ல விழறேன்...

— எந்திரிங்க! நீங்க விழுந்தா ரெண்டு பேரத் தூக்கணும் நான்.

— அவர்கிட்ட சொல்ல மாட்டேன்னு சத்தியம் பண்ணு.

— எப்படிப் பண்ண? அந்த சத்தியத்த போன வாரமே ஒருத்தன் வாங்கிட்டுப் போயிட்டான். ஆபீஸ் ரத்ததான முகாம்ல இதே கிருமி இருக்குன்னு சொல்லிட்டாங்கன்னு ஓடி வந்து, இதே ஸ்டூல்ல உக்காந்து, "அவளுக்கு நான் ஒட்ட வச்சிருந்தா? டாக்டர்கிட்ட கேட்டு சுகரோட சேத்துப் போட்டுப் பாரு, அவகிட்ட மட்டும் மூச்சு விடாத"ன்னு அழுதான்... எங்க அண்ணன்.