கட்டுனா வெடிக்கும்

— கட்டுனாத்தான்ட்டி வெடிக்கும், தங்கத்தாயி. அது அந்த டாக்டருக்குத் தெரியல.

— நீங்க சொல்றது அணுகுண்டு. அவுக கட்டப்போறது உங்க உணவுக்குழாயில வீங்கிக் கெடக்குற ரத்த நரம்ப.

— எல்லாம் ஒண்ணுதான். முப்பத்தெட்டு வருசம் அச்சங்குளம் பட்டாசுக் கம்பெனியில அணுகுண்டு வெடிக்குச் சணல் சுத்துனவன் நான். லேசாச் சுத்துனா புஸ்ஸுன்னு போயிரும். இறுக்குனாத்தான் சத்தம்.

— அதுக்குள்ள மருந்து இருக்கு. இதுக்குள்ள ரத்தம். ரப்பர் வளையத்த மாட்டுனா ரத்தம் ஏறாம நரம்பு சுருங்கி உதிர்ந்துருமாம். போன மாசம் ரெண்டு போட்டாகல்ல, வெடிச்சுச்சா?

— மயக்கத்துல கெடந்தேன். நான் என்னத்தக் கண்டேன்.

— அதுக்கு முந்தி ஒரு சட்டி ரத்தம் கக்குனீகளே, அதக் கண்டீகளா?

— நரம்பு எதுக்கு வீங்குதுன்னு அவன் வெவரமாச் சொல்லல.

— அஞ்சு தடவ சொல்லியாச்சு. குடிச்சுக் குடிச்சு ஈரல் கல்லாப் போச்சு. அதுக்குள்ள போற ரத்தம் வழியில்லாம இங்கன ஏறி நரம்ப ஊத வைக்குது.

— குடிய விட்டு நாலு வருசம் ஆச்சே.

— கல்லு கரையலயே.

— சரி, மாத்திரை எதுக்கு? கையில பட்டையச் சுத்திப் பாத்துட்டு எனக்குப் பிரஷரே இல்லன்னான். அப்பறம் பிரஷர் மாத்திரை எழுதுறான்.

— அது கையில பாக்குற பிரஷருக்கு இல்ல, ஈரல் பக்கம் ஏறுறதுக்கு. முழுங்குனீகளா, துப்பிட்டீகளா?

— சட்டைப் பையில கெடக்கு.

— நீங்க என்னையத்தான் மொதல்ல அனுப்பி வைப்பீக போல.

— எந்திரி, வீட்டுக்குப் போவோம். காலையில இருந்து ஒரு வாய்த் தண்ணி தரல.

— குழாய் விடும்போது வயிறு காலியா இருக்கணும். போறதுன்னா போங்க. மூணு நாளா கம்மாக்கரையத்தான சுத்துறீக. வீட்டுல கக்கூஸ் இருக்கையில செம்பத் தூக்கிட்டு அம்புட்டு தூரம் போற ஒரே ஆளு நீங்கதான்.

— காத்தாடப் போறேன். உனக்கென்ன?

— நர்ஸம்மா இப்ப அய்யாதுரைன்னு கூப்பிடுவாக. வேணாம்னு நீங்களே சொல்லிக்கிடுங்க. அவுக கேக்குறதுக்கும் பதில் சொல்லிட்டு வாங்க.

— என்ன கேப்பாக?

— திரும்பவும் ரத்தம் கக்குனாரா, வெளிக்குத் தார் மாதிரிக் கருப்பாப் போச்சான்னு. உள்ள கசிஞ்சா அப்பிடித்தான் போகுமாம். அப்பிடின்னா ஒரு நாள் கூடத் தள்ளக் கூடாதாம். உங்களுக்குத்தான் ஒண்ணும் இல்லயே.

— கம்மாக்கரைக்குப் போனது காத்தாட இல்லட்டி. வீட்டுல போனா நீ பாத்துருவேன்னுதான். கூப்பிடு அந்த நர்ஸ, இறுக்கியே கட்டட்டும்.