மேசை இழுப்பறையால் பள்ளியை ஆண்ட பெருந்தகைக்கு

செஞ்சி கோட்டை வணிகர் உயர்நிலைப்பள்ளியின் தலைமையாசிரியராகப் பதினேழு ஆண்டுகள் பணியாற்றி இன்று ஓய்வு பெறும் திரு. அரிகிருஷ்ணன் அவர்களுக்கு, உடன் பணியாற்றிய ஆசிரியர்கள் பேரன்போடும் சிறு குழப்பத்தோடும் வாசித்தளிக்கும் மடல்.

கல்விக் கோட்டையைக் காத்து நின்ற காவலரே! கடுஞ்சொல் அறியாக் கனிவின் உறைவிடமே! பிரம்பைத் தொடாமல் பிள்ளைகளையும், குரலை உயர்த்தாமல் நிர்வாகக் குழுவினரையும் கட்டி மேய்த்த கண்ணியரே! வணக்கம்.

இதுவரை என் எழுதுகோல் தங்குதடையின்றி ஓடியது. சென்ற புதன்கிழமை தாங்கள் மேசைச் சாவியை என் கையில் கொடுத்த பிறகு ஓட மறுக்கிறது. இனி வருவதில் மோனையும் எதுகையும் குறைந்தால் அவையோர் பொறுத்தருள்க.

கடைத்தெரு வணிகர்கள் சாதி மதம் பாராமல் கூடி எழுப்பிய பள்ளி இது. அரசாங்கப் பள்ளி அல்லவாதலால் மேலிடம் என்று நமக்கு இருப்பது பதினொரு பேர் கொண்ட குழு ஒன்றுதான். மூன்று அறைகளோடு தாங்கள் ஏற்ற பள்ளி இன்று பதினெட்டு அறைகளோடு நிற்கிறது. தொண்டூரிலிருந்தும் தளவானூரிலிருந்தும் பிள்ளைகளை ஏற்றிவரும் பேருந்து, நிலையத்துக்குள் நுழைந்தபிறகே இங்கே முதல் மணி அடிக்கும். தாமதமாக வருபவர்களை வெளியே நிறுத்தச் சொல்லி 1955-இல் குழு உத்தரவு போட்டதே, அது என்ன ஆயிற்று என்று நாங்கள் எவரும் யோசித்ததில்லை. அது இழுப்பறையில் இருந்தது, ஐயா.

அது மட்டுமா? ஒன்பது உத்தரவுகள் இருந்தன. ஒவ்வொன்றின் பின்பக்கமும் அது கிடைத்த தேதி, தங்கள் முத்து முத்தான கையெழுத்தில். நான்காவதாக இருந்தது என்னைப் பற்றியது.

1959 ஆண்டு விழாவில் வரவேற்புரை என்று எழுந்து ஒன்றேகால் மணி நேரம் பேசினேன். பரிசு வழங்க எழுந்த குழுத் தலைவர் ஜகபர் அலி அவர்கள் உட்கார்ந்து, எழுந்து, மறுபடி உட்கார்ந்து, மகள் வீட்டு விருந்துக்குப் போகும் கடைசிப் பேருந்தைத் தவறவிட்டார்கள். தமிழாசிரியர் விநாயகத்தை வேலையிலிருந்து நீக்கிவிட்டுத் தகவல் தெரிவிக்கவும் என்பது மறுநாள் வந்த உத்தரவு. ஆக, ஏழு ஆண்டுகளாக நான் நீக்கப்பட்டவனாகவே பாடம் நடத்தியிருக்கிறேன். நீக்கிய அதே குழுதான் போன வாரம் என்னைப் பொறுப்புத் தலைமையாசிரியராக நியமித்தது. எந்த உத்தரவுக்கு நான் கட்டுப்பட்டவன் என்று இந்த நிமிடம்வரை எனக்கு விளங்கவில்லை.

தாளை நீட்டிக் கேட்டபோது தாங்கள் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே சொன்னீர்கள்: “ஒருதரம் கேட்டாங்க வாத்தியாரே. ஆவட்டும்னேன். ரெண்டாந்தரம் கேக்கறதுக்குள்ள அவங்களுக்கே மனசு ஆறிடுச்சி. கேக்காதத நான் இன்னாத்துக்குச் செய்யணும்?”

அப்போதுதான் தங்கள் ஆட்சி முறை எங்களுக்குத் தெரியவந்தது. குழு எதைச் சொன்னாலும் தேதியிட்டு உள்ளே வைப்பீர்கள். மூன்றாம் முறை கேட்டால் எடுத்துச் செய்வீர்கள். மாணவிகளுக்குத் தனி வகுப்பறை வேண்டும் என்று குழு மூன்று முறை கேட்டது. மறுவாரமே கடைக்கால் தோண்டினீர்கள். மற்றவை உறங்கின.

ஆனால் உறங்கியவை எல்லாம் கெட்ட உத்தரவுகள் என்றும் சொல்லிவிட முடியவில்லை. ஆசிரியர் அறைக்கு மின்விசிறி மாட்டச் சொன்ன 1962-ஆம் ஆண்டு உத்தரவும் அந்த இழுப்பறையில்தான் கிடந்தது. மலைப்பாறைகள் கக்கும் அனலில் நான்கு கோடைகள் வெந்தோமே என்று கேட்டோம். நாங்களும் மூன்று முறை கேட்கவில்லையாம்! ஆளுக்கொரு சட்டம் கிடையாது என்று சொல்லிவிட்டீர்கள்.

குழுவின் சொல்லைப் பூட்டி வைப்பது நிர்வாகத் திறமையா, கீழ்ப்படியாமையா? மூன்று நாள் விவாதித்தோம். பாதிப்பேர் தங்களை ஞானி என்றார்கள். மீதிப்பேர், குழுவிடம் நேருக்கு நேர் முடியாது என்று சொல்லத் துணிவில்லாதவர் என்றார்கள். எழுதுகிறவனாகிய நான் காலையில் ஒரு கட்சி, மாலையில் மறு கட்சி. மின்விசிறி இல்லாததால் விவாதமும் சூடாகவே நடந்தது.

நேற்று மாலை அந்த விவாதம் தானாக நின்றுபோயிற்று. குழுவின் சார்பில் தாளாளர் பூவராகவன் அவர்கள் கையொப்பமிட்ட புதிய உத்தரவு ஒன்று வந்தது. பொறுப்புத் தலைமையாசிரியர் என்ற முறையில் எனக்கு வந்த முதல் உத்தரவு. ஆறாம் வகுப்பு ஆசிரியை வசந்தா அவர்களை நீக்கிவிட்டுத் தகவல் தெரிவிக்க வேண்டுமாம். குழுவின் விருந்தினரை வரவேற்கப் பிள்ளைகளைப் பேருந்து நிலையத்தில் உச்சி வெயிலில் நிறுத்தச் சொன்னபோது, “புள்ளைங்க மயங்கி வுழும், அனுப்ப மாட்டேன்” என்றவர் அவர். அவருடைய சம்பளத்தை நம்பித்தான் அந்த வீட்டில் ஐந்து பேருக்கு உலை கொதிக்கிறது. விஷயம் கடைத்தெரு முழுக்கத் தெரிந்தும், சற்றுமுன் குரல் நடுங்காமல் இறைவணக்கம் பாடியவர் அவரே.

உத்தரவை எடுத்துக்கொண்டு தங்கள் வீட்டுக்கு ஓடிவந்தேன். தாங்கள் அதைக் கையில்கூட வாங்கவில்லை. “சாவி இப்ப உங்ககிட்ட இருக்குது. என்னக் கேக்காதீங்க” என்று சொல்லி மோர் கொடுத்து அனுப்பிவிட்டீர்கள். கண்ணைக் கட்டிக் காட்டில் விட்டாற்போல் திரும்பினேன். கோபம் வந்தது என்பதையும் மறைக்கவில்லை. வழியில்தான் ஒன்று உறைத்தது. 1959-இல் என் பெயர் எழுதிய தாளோடு தாங்களும் இப்படித்தான் தனியாக நின்றிருப்பீர்கள். தங்களுக்கு மோர் கொடுக்கவும் ஆள் இருந்திருக்காது.

ஐயா, தங்களைப் பாராட்டுவதா, தங்கள்மீது பிராது எழுதுவதா என்ற குழப்பம் எங்களுக்கு இன்னும் தீர்ந்தபாடில்லை. தீராமலேயே வாழ்த்துகிறோம். கண்ணொளி மங்காமல், கால் ஓயாமல், பேரப்பிள்ளைகள் எதைக் கேட்டாலும் முதல் முறையிலேயே கொடுத்து, நூறாண்டு நலமாக வாழ்க!

நிறைவாக, முன்வரிசையில் வீற்றிருக்கும் குழுவினருக்குப் பணிவான தகவல் ஒன்று. நேற்றைய உத்தரவு கிடைத்தது. பின்பக்கம் தேதி எழுதி, என்னுடைய உத்தரவுக்கு மேலே வைத்துப் பூட்டியிருக்கிறேன். தாங்கள் கேட்டிருப்பது இது முதல் தடவை.

செஞ்சி,
30-4-1966

இங்ஙனம்,
விநாயகம், நீக்கப்பட்ட தமிழாசிரியர், பொறுப்புத் தலைமையாசிரியர்;
வசந்தா, ஆறாம் வகுப்பு ஆசிரியை;
மற்றும் இதைப் படித்துப் பார்த்த பின்னும் கையொப்பமிட்ட பன்னிரண்டு ஆசிரியர்கள்.