வாய்பொத்தி மேடு

நம்ம பாட்டனுக்குப் பாட்டன் மீசை மொளைக்காத காலத்துல, இதே நெடுங்காட்டூர்ல கூரியம்மான்னு ஒருத்தி இருந்தாளாம். உம் கொட்டுங்க, ஆனா மெதுவாக் கொட்டுங்க. ஏன்னு கடைசியில தெரியும்.

அவ புருசன் பேரு சோணை. ஊருல வருசக்கணக்கா மழை இல்ல. கம்மாய்க்குள்ள ஆடு மேஞ்சுச்சாம். "வடக்க பனிமலையில இருக்கிற சிவன்கிட்ட நேர்ல போய்க் கேட்டுட்டு வாங்க"ன்னு ஊரு கூடி இவுக ரெண்டு பேரையும் அனுப்பிச்சாக. ஏன் இவுகளன்னா, கூரியம்மா குலவை போட்டா அடுத்த ஊரு மாடு திரும்பிப் பாக்குமாம். ஒரு தூத்தல் விழுந்தாலும் மொதக் குலவை அவதான் போடுவா. அதுல அவளுக்குக் கொஞ்சம் கருவமும் உண்டு.

நடந்தாக, நடந்தாக, நடந்துக்கிட்டே இருந்தாக. மலையடிவாரத்துல வழிகாட்ட ஒரு ஆளு சேந்தான். அவன் பேச்சு இவுகளுக்குப் புரியாது, இவுக பேச்சு அவனுக்குப் புரியாது. எல்லாம் கைச்சாடைதான்.

மேல ஏறுனா ஒரு சரிவு. ஒருத்தர் ஒருத்தராத்தான் தாண்டணும்னு அவன் சாடை காட்டினான். சோணை முன்னால போனான். அப்ப விழுந்துச்சாம் பனி.

பனின்னா நமக்கு மார்கழி மாசம் புல்லு நுனியில நிக்கிறதுதான? இது அதில்ல. இலவம்பஞ்சாட்டம் வானம் முழுக்க, சத்தமே இல்லாமக் கொட்டுது. கூரியம்மாவுக்கு உடம்பெல்லாம் சிலுத்துப்போச்சு. தாலி கட்டின அன்னிக்குக்கூட அவளுக்கு அவ்வளவு சந்தோசம் இல்லையாம். முந்தானைய விரிச்சுப் புடிச்சா. அள்ளி அள்ளித் தின்னா. "இம்புட்டுத் தண்ணிய இங்க வச்சுக்கிட்டு எங்க கம்மாய மட்டும் காயப் போட்டியேப்பா"ன்னு சிவனையே வஞ்சா, சிரிச்சுக்கிட்டே.

வழிகாட்டி மெரண்டு போனான். மலைமுகட்டக் காட்டி, உள்ளங்கையால தன் வாயப் பொத்திக் காட்டினான். சத்தம் போடாதங்கிறான். இவளுக்கு எப்படித் தெரியும்? நம்ம பொம்பளைக குலவை போடும்போது கைய வாய்க்கு முன்னாடி வைக்கிறாகளா இல்லையா? "அட, இந்த ஊருலயும் குலவைதான் போல. என்னையப் போடச் சொல்றான்"னு நெனச்சுக்கிட்டா.

போட்டா.

பாதிக் குலவையில மலை பதில் சொல்லுச்சாம். ம்ம்ம்னு, காலுக்கு அடியில. நிமிந்து பாத்தா, முகட்டுல இருந்த வெள்ளை கெளம்பி வருது. சரிவு நடுவுல சோணை நிக்கிறான். ஒரு தடவ திரும்பி இவளப் பாத்தானாம். அப்புறம் ஆளக் காணோம்.

மேல முகட்டுப் பனியில பாதி இன்னும் தொங்கிக்கிட்டு நிக்கிது. வழிகாட்டி திரும்பவும் வாயப் பொத்திக் காட்டினான். இப்பப் புரிஞ்சுச்சு. அலறக்கூடாது. மாருல அடிச்சுக்கக்கூடாது. புருசனக் கூப்பிடக்கூடாது. முந்தானையச் சுருட்டி வாய்க்குள்ள திணிச்சுக்கிட்டா. ரெண்டு கையாலயும் தோண்டுறா, தோண்டுறா, வெரலு இருக்கா இல்லையான்னே தெரியல. அவளுக்கு இருந்த பயமெல்லாம் ஒண்ணுதான். உள்ள இருந்து அவன் கூப்பிட்டு, இவ பதில் சொல்லலைன்னா, நான் விட்டுட்டுப் போயிட்டேன்னு நெனச்சிருவானே.

வழிகாட்டி கம்பால குத்திக் குத்திப் பாத்தான். ஒரு எடத்துல கம்பு மெத்துன்னு நின்னுச்சு. தோண்டுனா தலப்பா. அதுக்குக் கீழ மொகம், நீலம் பாரிச்சுப் போயி. மூச்சு வந்துச்சு. சோணை கண்ணத் தொறந்தான். "கூரி"ன்னு கத்த வாயத் தொறந்தான். அவ பாஞ்சு, உள்ளங்கையால அவன் வாயப் பொத்தினா. மலை எறங்குற வரைக்கும் அந்தக் கைய எடுக்கலையாம். அப்படியே எப்படி நடந்தாகன்னு கேக்காதீக. அப்படித்தான் சொல்றாக. அந்தச் சிவன் கோயில் வரைக்கும் போனாகளா, அதுவும் எனக்குத் தெரியாது.

ஊரு வந்து சேந்தப்பறம் ஒரு நாளு மழை எறங்குச்சு. பொம்பளைக எல்லாம் இந்த மேட்டுக்கு ஓடியாந்து, "கூரி, மொதக் குலவைய நீ போடுடி"ங்கிறாக. அவ வாயப் பொத்திக்கிட்டு நிக்கிறா.

"ஏண்டி, ஊமையாயிட்டியா?"

அவ கண்ணு காட்டுப் பக்கமே இருக்கு. சோணை ஆடு மேய்க்கப் போயிருந்தான். மின்னுது, இடிக்கிது, பொத்தின கைய அவ எடுக்கல. கடைசியில, நனைஞ்ச குட்டி ஒண்ணத் தோள்ல போட்டுக்கிட்டு வந்தான் சோணை. அவன் காலு இந்த மேட்டுல பட்டப்பறம்தான் கைய எடுத்தா. மலையில பாதியில விட்ட குலவைய, விட்ட எடத்துல இருந்து புடிச்சுப் போட்டாளாம்.

அன்னையிலருந்து இது வாய்பொத்தி மேடு. மொத மழைக்கு நம்ம பொம்பளைக இங்க வந்து, வெளிய போன ஆளெல்லாம் வந்து சேர்ற வரைக்கும் வாயப் பொத்திக்கிட்டு நிப்பாக. அந்தா நிக்கிறாக பாருங்க. சத்தத்தக் கொறைங்க. மேற்குக் காட்டுக்குப் போன ஒருத்தன் இன்னும் வரல.