கயிறு பிடிக்கிற ஊர்

இல்லம்மா, எங்க ஊர் கெல்சோ வர இன்னும் நேரமிருக்கு, நல்லா சாஞ்சு உக்காருங்க. இப்ப பஸ்ஸு கடந்துச்சே ஒரு பாலம், கீழ ட்வீட் ஆறு, அதுதான் எல்லை. அந்தக் கரை உங்க இங்கிலாந்து, இந்தக் கரை எங்க ஸ்காட்லாந்து. தூங்கிட்டு வந்தா தெரியவே தெரியாது.

பேச்ச வச்சுத்தான் கண்டுபிடிச்சேன். லண்டன் பக்கமா? அட, உங்க மேல எனக்கென்ன கோவம். என் மருமகனே இங்கிலீஷ்காரன்தான். ஏட்ரியன்னு பேரு, எல்லைக்கு அந்தப் பக்கம் மார்பெத்ல இருக்கான். நல்ல பையன். அத நான் அவங்கிட்ட சொன்னதில்ல.

ரெண்டாயிரத்துப் பதினாலுல எங்களுக்கு ஓட்டு வச்சாங்கல்ல, உங்கள விட்டுப் பிரிஞ்சு போலாமா, சேர்ந்தே இருக்கலாமான்னு? நான் பிரியணும்ங்கிற கட்சி. ஜன்னல் பூரா நோட்டீஸ் ஒட்டியிருந்தேன். அவன் வந்து பாத்துட்டு, ஏன் மாமா, பிரிஞ்சிட்டா உங்க வீட்டுக்கு வர பாலத்துல பாஸ்போர்ட் காட்டணுமான்னான். உனக்கு மட்டும் தனி வரிசை மாப்ள, மழையில நிக்கணும்னேன். என் பொண்ணு மோராக் அடுப்படியிலேர்ந்தே, ரெண்டு பேரும் வாய மூடிட்டு சூப்பக் குடிங்கன்னு கத்துனா. கடைசில நாங்க தோத்துட்டோம். அன்னிக்குக் காலையில போன் பண்ணி, மாமா, உங்கள அவ்வளவு சுலபமா விட்டுடுவோமான்னு சிரிச்சான்.

இதா, இந்தக் கறுப்பு டையா? ஒரு அடக்கத்துக்குப் போயிட்டு வரேம்மா. அங்கதான், மார்பெத்ல.

எங்க ஊர் அடக்கம் பாத்திருக்கீங்களா? பெட்டியச் சுத்திக் கயிறு கட்டியிருக்கும். சொந்தக்காரங்க ஆளுக்கு ஒண்ணு பிடிச்சு நாங்களேதான் குழிக்குள்ள இறக்குவோம். யாருக்கு எந்தக் கயிறுன்னு முன்னாடியே வந்து சொல்லிடுவாங்க. கயிறு குடுக்கலன்னு சாகுறவரைக்கும் பேசாம இருந்த அண்ணன் தம்பியெல்லாம் உண்டு. அந்தக் கனத்தக் கையில வாங்கி, கொஞ்சங் கொஞ்சமா விடணும். அப்பத்தான் போயிட்டாங்கன்னு மனசு ஒத்துக்கும்.

அங்க எங்கிட்ட யாரும் வந்து சொல்லல. அவசரத்துல மறந்திருப்பாங்க, குழிகிட்ட வச்சுக் குடுப்பாங்கன்னு இருந்துட்டேன். அங்க போனதும் நான் பாட்டுக்கு முன்னால போய்க் கைய நீட்டினேன். அடக்கம் பண்ற கம்பெனி ஆளு ஒருத்தன், என் கையப் பிடிச்சுக் குலுக்கினான்மா. ரொம்ப வருத்தமா இருக்குங்க ஐயான்னு சொல்லி, தோளத் தொட்டு, மெதுவா என்னப் பின்னால நிக்க வச்சான். அப்புறம் கூலிக்கு வந்த ஆளுங்க, யாரு எவருன்னே தெரியாதவங்க, பட்டைப் பட்டையா துணியப் போட்டு இறக்கிட்டாங்க. அவன் குலுக்கின கைய அப்படியே தொங்கப் போட்டுக்கிட்டு நின்னேன்.

ஏட்ரியனத் திட்ட முடியுமா? அவனுக்கு எங்க தெரியும். அவங்க பழக்கம் அது. பாவம், அவனே நிக்க முடியாம நின்னான். முன்னூறு வருஷமா ரெண்டு நாட்டுக்கும் ஒரே பார்லிமென்ட், ஒரே ராணுவம். பக்கத்து ரூம்ல எப்படி அழுவாங்கன்னு மட்டும் ரெண்டு பேருக்கும் தெரியல.

ஆமாமா, இன்னொரு ஓட்டு வரும்ங்கிறாங்க. வரட்டும். எப்படிப் போடுவேன்னு சத்தியமா எனக்குத் தெரியல. இப்ப அந்தக் கரையிலயும் எனக்கு மண்ணு இருக்கே.

என்ன கேட்டீங்க? எந்தக் கயிறு யாருக்குன்னா? அதுக்கு ஒரு முறை இருக்கும்மா. கல்யாணமான பொண்ணு போயிட்டா, தலைமாட்டுக் கயிறு புருஷனுக்கு. அது ஏட்ரியனோடது, அதுக்கு நான் ஆசைப்படல. கால்மாட்டுக் கயிறு பெத்த அப்பனுக்கு. அத மட்டுந்தாம்மா கேட்டேன்.