வியாழக்கிழமைப் புதினாத் தேநீர்

புதினாத் தேநீருக்குத் தண்ணீரைக் கொதிக்கக் கொதிக்க ஊற்றக் கூடாது. அடுப்பை அணைத்து, கொஞ்சம் ஆறவிட்டு ஊற்றினால்தான் மணம் நிற்கும். நீங்கள் முதலில் தேநீரைப் பற்றித்தான் கேட்டீர்கள், அதனால் அங்கிருந்தே தொடங்குகிறேன்.

என் பெயர் கொலெட் பெல்லெரின். மெய்ன் மாநிலத்தில் ஆற்றோரத்துக் காகித ஆலை ஊர் எங்களுடையது. ஆலையை மூடி வெகுகாலம் ஆகிறது, ஊரின் இருமல்தான் ஓயவில்லை. மாதா கோயிலின் கீழ்த்தளக் கூடத்தில், வியாழக்கிழமை மாலைகளில், சிகரெட்டை விட நினைப்பவர்களுக்குக் கவனப் பயிற்சி கொடுத்துவந்தேன்.

முதல் நாள் யாரையும் சிகரெட்டை விடச் சொல்ல மாட்டேன். எல்லோரையும் பின்வாசலுக்குக் கூட்டிப்போய், பனிக்குவியல் பக்கத்தில் நிற்கவைத்து, ஒரே ஒரு சிகரெட்டை மெதுவாகக் குடிக்கச் சொல்வேன். பேசக் கூடாது. வாசனை, சூடு, நாக்கில் படிவது, எல்லாவற்றையும் கவனிக்க வேண்டும். பள்ளிக்கூட வயதிலிருந்து புகைத்தவர்களுக்கும் அன்றுதான் அதன் ருசி தெரியும். முகம் அஷ்டகோணலாகிவிடும். அதற்கப்புறம் ஆசை வந்தால் அதோடு மல்லுக்கட்டாமல் வேடிக்கை பார்க்கச் சொல்லித்தருவேன். எழும்பும், உச்சிக்குப் போகும், தானாக அடங்கும்.

இந்தப் பயிற்சியில் ஒரே ஒரு குறைதான். அது பலித்துவிடும். சிகரெட்டை விட்டவர்கள் திரும்பி வருவதில்லை. கடையில் என்னைப் பார்த்தால் கையசைத்துவிட்டுத் தள்ளுவண்டியை வேறு பக்கம் திருப்புவார்கள். என் முகத்தைப் பார்த்தால் அவர்களுக்கு அந்த நாற்றம் நினைவுக்கு வருமாம். ஒருத்தி என்னிடமே சொல்லியிருக்கிறாள்.

ஆர்மண்ட் தெரியோ அப்படி இல்லை. காகித இயந்திரத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், மனைவியை இழந்தவர். நுரையீரல் பாழாகி, மாற்று நுரையீரல் பொருத்தினால்தான் பிழைப்பார் என்ற நிலை. அதற்குக் காத்திருப்போர் பட்டியலில் பெயர் ஏற வேண்டுமானால் ஆறு மாதம் புகையிலை கூடாது. அவ்வப்போது ரத்தம் எடுத்துப் பார்ப்பார்கள். துளி நிகோட்டின் தெரிந்தாலும் மறுபடி முதலிலிருந்து. ஆர்மண்ட் சில வாரங்களிலேயே விட்டுவிட்டார். விட்ட பிறகும் வியாழன்தோறும் வந்தார். கூட்டம் கலைந்ததும் மூச்சு வாங்க உட்கார்ந்து, நான் நாற்காலிகளை மடக்குவதைப் பார்த்துக்கொண்டிருப்பார்.

"இந்த வாரம் எப்படிப் போச்சு டீச்சரம்மா?" என்று கேட்பார். என்னை அப்படிக் கேட்க இந்த ஊரில் வேறு யாரும் இல்லை. நான் சொல்வதை முழுசாகக் கேட்பார். அதற்காகவே வாரம் முழுக்க ஏதாவது நடக்க வேண்டும் என்று காத்திருப்பேன்.

"நாளைக்கு ரத்தம் எடுக்கறாங்க. இதுவும் சரியா இருந்தா பட்டியல்ல பேரு ஏறிடும்" என்றார் ஒரு வியாழனன்று. "அப்புறம் டெனிஸ் என்னைப் பாஸ்டனுக்குத் தூக்கிட்டுப் போயிடுவா. அந்த ஊர்ல மனுஷன் காரை எங்க நிறுத்துறதுன்னே தெரியாது." சிரிப்பு இருமலில் முடிந்தது. டெனிஸ் அவருடைய ஒரே மகள், பாஸ்டனில் இருக்கிறாள்.

"சந்தோஷமாப் போயிட்டு வாங்க" என்றேன். பிறகு தேநீர் போட உள்ளே போனேன். பயிற்சி பலிக்காதவர்களுக்காக அலமாரியில் நிகோட்டின் மாத்திரைகள் வைத்திருப்போம், வாயில் அடக்கிக்கொள்வது. அதுவும் புதினா மணம்தான். ரத்தச் சோதனைக்குச் சிகரெட்டும் ஒன்று, மாத்திரையும் ஒன்று.

ஆர்மண்ட் ஒரு வாய் குடித்துவிட்டு நிறுத்தினார். "நுனிநாக்குல மிளகு மாதிரி ஏதோ கடிக்குதே?"

"நல்லா கவனிக்கிறீங்க. நல்லது கெட்டதுன்னு முடிவு கட்டாதீங்க. சும்மா கவனிங்க."

அவர் கண்ணை மூடிக்கொண்டு கடைசிச் சொட்டுவரை குடித்தார். அப்படி ஒரு மாணவர் எனக்குக் கிடைத்ததே இல்லை.

சோதனை முடிவு வந்ததும் டெனிஸ் காரை எடுத்துக்கொண்டு ஓடிவந்தாள். கூடத்தின் வாசலிலேயே கத்தினாள். "ரத்தம் பொய் சொல்லுமாப்பா? அவனவன் மூச்சுக்குத் தவிச்சுக்கிட்டுக் காத்திருக்கான், நீங்க ஒளிஞ்சு ஒளிஞ்சு ஊதிக்கிட்டிருக்கீங்க!"

"உங்கம்மா மேல ஆணையா நான் தொடலம்மா."

அவள் நம்பாமல் போய்விட்டாள். ஆர்மண்ட் செல்போனை எடுத்தார். ஆஸ்பத்திரியைக் கூப்பிட்டு வேறு சோதனை கேட்கப் போவதாகச் சொன்னார். கேட்டிருந்தால் ஒருவேளை செய்திருப்பார்கள். நான் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

"இந்தக் கோபம் உடம்புல எங்க இருக்கு ஆர்மண்ட்?"

"நெஞ்சுல."

"அதை எதிர்க்காதீங்க. பார்த்துக்கிட்டே இருங்க."

எழும்பியது, உச்சிக்குப் போனது, அடங்கியது. செல்போனைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். "நீங்களாவது என்னை நம்புறீங்களா?" என்றார். நம்புகிறேன் என்றேன். என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். யாராவது என் கையைப் பிடித்து எத்தனையோ காலம் ஆகியிருந்தது.

ரத்தம் கொடுக்கும் நாள் தெரிந்ததும் என்னிடம்தான் முதலில் சொல்வார். இரண்டாவது தடவையும் அப்படியே நடந்தது. அதன் பிறகு அவர் தன் கோட்டுப் பைகளைத் தானே துழாவிப் பார்க்க ஆரம்பித்தார். விரல்களை முகர்ந்து பார்ப்பார். "தூக்கத்துல எழுந்து குடிக்கிறேனோ டீச்சரம்மா?" என்று ஒருநாள் கேட்டார். அன்று மட்டும் எனக்கு வருத்தமாக இருந்தது, மறைக்க மாட்டேன்.

பனி உருகும் நேரத்தில் அவரால் நடக்க முடியவில்லை. பட்டியலைப் பற்றிய பேச்சும் நின்றுபோயிற்று. வியாழன்தோறும் நானே ஃபிளாஸ்க்கோடு அவர் வீட்டுக்குப் போனேன். இனி மாத்திரைக்கு அவசியம் இல்லைதான். ஆனாலும் கை தானாகப் போட்டது. ஒரு பழக்கத்தை விடுவது எவ்வளவு கஷ்டம் என்று எனக்குத் தெரியாதா.

அவர் மூச்சு நின்றதும், கட்டில் பக்கத்தில் உட்கார்ந்திருந்த டெனிஸ், ஃபிளாஸ்க்கில் மிச்சமிருந்ததை ஒரு வாய் குடித்தாள். அவள் சிகரெட்டை விட்டதே அதே மாத்திரையால்தானாம். ஒரு வருஷம் வாயில் போட்டதை நாக்கு மறக்குமா? என்னை நிமிர்ந்து பார்த்தாள். மூடியைத் திருகி, ஃபிளாஸ்க்கை மடியில் வைத்துக்கொண்டாள். அதுதான் உங்கள் மேசைக்கு வந்திருக்கிறது.

ஆமாம், கலந்தது நான்தான். எல்லாத் தடவையும் நான்தான். எங்கே வேண்டுமானாலும் கையெழுத்துப் போடுகிறேன். ஆனால் ஒன்றைச் சேர்த்து எழுதிக்கொள்ளுங்கள். ஆஸ்பத்திரி அவரைப் பொய்யன் என்றது. பெற்ற மகள் பொய்யன் என்றாள். கடைசியில் அவருக்கே தன் மேல் நம்பிக்கை போய்விட்டது. சாகும்வரை அவரை நம்பியவள் நான் ஒருத்திதான்.