சுடுதண்ணி வீட்டுப் பெண்

தாழையூத்திலிருந்து டவுணுக்கு வந்த பேருந்தில், எனக்கு முன் இருக்கையில் இருந்த அம்மாள் பக்கத்தில் இருந்தவரிடம் பொரிந்து தள்ளிக்கொண்டிருந்தார். ஜன்னல் வழியே வெளியே பார்ப்பதுபோல் காதைக் கொடுத்தேன்.

“போர்த் தண்ணி சுடுதுன்னு யாராவது பொண்ணு வேண்டாம்பாவளா, மதினி?”

“தண்ணி சுடுதா?”

“வெதுவெதுன்னு வரும். பொண்ணு பாக்க வந்தவிய கைய நனைச்சுப் பாத்துட்டு, இந்த வீட்டு மேல சாமிக்கு ஏதோ கோவம்னு சொல்லிட்டாவ. எம்மவ காலேஜ்ல பாறையப் பத்திப் படிச்சவ. சும்மா இருப்பாளா?”

“என்ன சொன்னா?”

“நம்ம ஊருக்கு அடியில சுண்ணாம்புப் பாறைதான. மழைத் தண்ணி அதைக் கொஞ்சங் கொஞ்சமா கரைச்சு, விரிசலைப் பெருசாக்கி, ரொம்ப ஆழத்துக்கு இறங்கிருமாம். அங்கன பூமிச் சூடு ஏறி, வேற விரிசல் வழியா ஆறுததுக்குள்ள மேல வந்துருமாம். இதுல சாமி எங்க வந்துச்சுன்னு கேட்டா.”

“சரியாத்தான கேட்டுருக்கா.”

“அதான் தப்பாப் போச்சு! வாயாடிப் பொண்ணு வேண்டாம்னு சொல்லி அனுப்பிட்டாவ.”

“போனாப் போவுது, விடு.”

“எப்படி விடுவேன்? நேத்து அங்கனருந்து போன் வருது. மாப்பிள்ளையோட அம்மைக்கு மூட்டுவலியாம். நம்ம தண்ணிய ஊத்துனா கேக்குமாம். ரெண்டு கேன் பிடிச்சு வைக்கச் சொல்லுதாவ!”

“நீ என்ன சொன்ன?”

“நான் எங்க சொல்ல? மவ போனைப் பிடுங்கிட்டா. சாமிக்குக் கோவம் தீந்துட்டு, தண்ணி ஆறிப்போச்சுன்னு சொல்லி வச்சிட்டா.”