ஐயனாரின் வயது

2003 ஆவணி. நெடுங்கேணியிலிருந்து வவுனியாவுக்குப் போகும்போது, ஓமந்தைச் சோதனைச்சாவடி வரிசையில் கேட்டது. எனக்கு முன்னால் நின்றவர் வவுனியாப் பக்கத்து ஒரு குளக்கட்டு ஐயனார் கோயில் பூசாரி. பக்கத்தில் அவர் மனைவி.

“ஐயனார் போன வருசம்தான் வந்தவர் எண்டு சொல்லியிருக்கலாம்,” என்றார் மனைவி.

“பழஞ்சாமான் சேர்க்கிற நூதனசாலை ஆக்கள் மரியாதையாக் கேட்டவை. ‘இது உங்கட கோயில், நீங்களே சொல்லுங்கோ’ எண்டவை. ஆயிரம் வருசத்துக் கல் எண்டிட்டன்.”

“பெருமை கதைக்காவிட்டால் உங்களுக்குச் சோறு இறங்காது.”

“அவ்வளவு பழசெண்டால் அரசாங்கத்துக்குச் சேருமாம். வெளிக்கிடேக்கதான் சொன்னவை. வெள்ளிக்கிழமை வந்து கொண்டுபோனால், குளக்கட்டுக்கு ஆர் காவல்?”

மனைவி குரலைத் தாழ்த்தினார். “கல்லைப் பாத்தவையோ?”

“இல்லை. பட்டுச் சாத்தியிருந்தது.”

“அப்ப வேறை கல்லை வைச்சுப் பட்டைச் சாத்துங்கோ. ஐயனாரை எங்கட வைக்கோலுக்குள்ள ஒளிப்பம்.”

“அவைக்கு முன்னால அந்தக் கல்லுக்குப் பூசை செய்ய வேணுமே.”

“செய்யுங்கோவன்.”

பூசாரி சுற்றிப் பார்த்துவிட்டு மெதுவாகச் சொன்னார்: “இஞ்சேரும், நான் அந்தக் கல்லுக்கு மணி அடிக்கேக்க வைக்கோலுக்குள்ள ஐயனாருக்குக் கேக்குமே.”